பெயின்ட் அடிக்கும் முன் தூண்களைப் பாருங்கள்: அகமதாபாத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

மணிநகர், கோக்ரா, ஹாட்கேஷ்வர், அம்ராய்வாடி என்று நம் ஊரின் கிழக்குப் பக்கத்து அடுக்குமாடிகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும், சொசைட்டி கமிட்டிகளில் பொறுப்பில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் எங்கள் சொசைட்டியின் பொதுக்குழு கூடியது. வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிப்பது பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினோம். நிறம் முடிவானது, காண்ட்ராக்டர் முடிவானார், வீட்டுக்கு எவ்வளவு என்று பிரித்தும் ஆயிற்று. கடைசியில் நான் எழுந்து, ‘பெயின்ட் அடிக்கும் முன் கீழே பார்க்கிங்கில் இருக்கும் தூண்களை ஒரு இன்ஜினியரை வைத்துப் பார்த்துவிடலாமே’ என்றேன். ‘அந்த 2001 பூகம்பத்திலேயே விழாத கட்டடம், இனிமேலா விழப்போகிறது?’ என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டம் முடிந்தது. அவர் நல்ல மனிதர், நடுராத்திரியில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் காரை எடுப்பவர். அவர் கேட்டதற்கு அன்றைக்கு எனக்குப் பேச்சு எழவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2001 ஜனவரி 26. எனக்கு அப்போது 13 வயது. உத்தராயணப் பட்டத் திருவிழா முடிந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மின்கம்பியிலும் வேப்பமரத்திலும் கிழிந்த பட்டங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. குடியரசு நாள் விடுமுறை என்பதால் நான் இன்னும் பல்கூட விளக்கவில்லை. அப்பா அடுப்படியில் எங்கள் டிபன் கடைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தார். காலை 8:46 மணிக்கு முதலில் பாத்திர அலமாரி கலகலவென்றது. கீழே ஏதோ லாரி போகிறது என்று நினைத்தேன். அப்புறம் கேஸ் சிலிண்டர் தானாக நகர்ந்து வாசல்படிக்கு வந்தது. அப்பா மாவுக் கையோடு என் தோளைப் பிடித்துத் தள்ளினார். தம்பியை அம்மா தூக்கிக்கொண்டாள். எதிர்வீட்டுப் பாட்டியை, குஜராத்தி வழக்கப்படி நாம் எல்லோரும் ‘பா’ என்று கூப்பிடும் வயதில் இருந்தவர், அப்பா முதுகில் சுமந்தபடி மூன்று மாடி இறங்கினார். படிக்கட்டும் சுவரும் சேரும் இடத்திலிருந்து தூள் கொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆடியது. ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்பதை அன்றைக்கு இந்த ஊரில் இருந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ரோட்டுக்கு வந்து திரும்பிப் பார்த்தோம். எங்கள் கட்டடம் நின்றுகொண்டிருந்தது. ஆனால் இதே மணிநகரில் ஒரு பள்ளிக் கட்டடம் இடிந்து முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் செத்துப்போனார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் முழு முழு அடுக்குமாடிகள் தட்டுமேல் தட்டாக உட்கார்ந்துவிட்டன. ஊர் முழுக்க 700-க்கு மேல் உயிர் போனது. கட்ச்சில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பூஜ், பச்சாவ், ராபர் ஊர்களெல்லாம் மண்ணாகின. அஞ்சாரில் கொடியோடு ஊர்வலம் போன பிள்ளைகள்மேல் ஒடுங்கிய தெருவின் இரண்டு பக்க வீடுகளும் சரிந்தன. 185 பிள்ளைகள், 20 ஆசிரியர்கள். அவர்களுக்காக 2022-இல் அங்கே ஒரு நினைவிடம் திறந்தார்கள். மொத்தம் 13,805 பேர் என்பது மாநில அரசு சரிபார்த்துச் சொன்ன கணக்கு. முதலில் சொன்ன 20,000 என்ற எண்தான் இன்னும் மக்கள் வாயில் இருக்கிறது.

இதில் நாம் யோசிக்க வேண்டியது தூரத்தை. நிலத்துக்கடியில் பாறை உடைந்த இடம் பச்சாவ் பக்கம். அங்கிருந்து அகமதாபாத் 250 கிலோமீட்டருக்கு அருகில். 7.7 ரிக்டர் என்று எல்லோரும் சொல்கிறோமே, அந்த எண் அங்கே நிலத்துக்கடியில் வெளிப்பட்ட சக்திக்கு உரியது. நம் காலடியில் எவ்வளவு ஆடியது என்பது வேறு கணக்கு. அதை அளந்த கருவி ஒன்று இந்த ஊரில் இருந்தது. பாஸ்போர்ட் ஆபீஸ் கட்டடத்தில் ரூர்க்கி பல்கலைக்கழகம் வைத்திருந்தது. தரைத்தளத்தில் அது பதிவு செய்த உச்ச முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. கட்ச் மக்கள் பட்டதோடு ஒப்பிட்டால் இது சின்ன ஆட்டம். நிலநடுக்க ஆபத்துக்கு ஏற்ப நாட்டை மண்டலங்களாகப் பிரித்த வரைபடத்தில் (எண் கூடினால் ஆபத்தும் கூடும்) அகமதாபாத் அன்றைக்கு மூன்றாம் மண்டலம். மூன்றாம் மண்டலத்துக்கு என்று விதிப்படி கட்டிய கட்டடம் தாங்கியிருக்க வேண்டிய ஆட்டம் அது. நம் கட்டடங்கள் அதைக்கூடத் தாங்கவில்லை.

என் தம்பி சிவில் படித்துவிட்டு, பழைய கட்டடங்களை வலுப்படுத்தும் வேலையில் இருக்கிறான். தூண்களைப் பற்றி நான் எழுதுவதெல்லாம் அவனோடு பல பார்க்கிங்குகளில் டார்ச் லைட்டோடு நடந்து தெரிந்துகொண்டது. விழுந்தவற்றில் பெரும்பாலானவை தரைத்தளமும் அதற்குமேல் நான்கு மாடியும் கொண்டவை, அதாவது நாம் குடியிருக்கும் அதே மாதிரி. மேலே வீடுகள் இருப்பதால் அங்கே எல்லாப் பக்கமும் செங்கல் சுவர். கீழே வண்டி நிறுத்தவும் கடை வைக்கவும் சுவரே இல்லாமல் தூண்கள் மட்டும். நிலம் பக்கவாட்டில் இழுக்கும்போது மேலே உள்ள நான்கு மாடியும் ஒரே பெட்டியாகச் சேர்ந்து நகரும். வளைய வேண்டிய வேலை முழுவதும் கீழே இருக்கும் அந்த ஒரு வரிசைத் தூண்கள்மேல் விழும். அந்தத் தூண்களோ சுவரில் மறைந்து வீட்டுக்குள் துருத்தாமல் இருக்க வேண்டும் என்பதற்காக ஒன்பது அங்குல அகலத்தில் வார்த்தவை. உள்ளே நிற்கும் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்கள் தள்ளித் தள்ளி இருந்தன. வளையத்தின் நுனியைக் கான்கிரீட்டின் உள்பக்கம் நன்றாக மடக்கிவிடாமல் வெறுமனே செங்கோணத்தில் விட்டிருந்தார்கள். தூண் வளைந்ததும் வளையம் திறந்துகொண்டது, உள்ளே இருந்த கான்கிரீட் உதிர்ந்தது, மாடி கீழே வந்தது. இது போதாதென்று மேல்மாடிகளைத் தரைத்தளத்தைவிட வெளியே நீட்டிக் கட்டினோம், அந்த நீட்டலின் ஓரத்தில் நிற்கும் தூண் தரைவரை வராமல் ஒரு உத்திரத்தின்மேல் அந்தரத்தில் முடிந்துவிடும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வேறு. 1,000 லிட்டர் என்றால் ஒரு டன், அதுவும் கட்டடம் அதிகமாக ஆடும் உச்சியில்.

சபர்மதியின் வண்டலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து வரும் நிலநடுக்கத்தின் வேகமான நடுக்கங்கள் வழியிலேயே அடங்கிவிடும், மெதுவான நீண்ட ஆட்டம்தான் நம்மிடம் வந்து சேரும். ஆழமான மென்மண் அதைப் பெருக்கும். நகரத்தின் மினார்களுக்கு இது புதிதும் இல்லை. 1819 ஜூன் 16-இல் கட்ச்சின் ராண் உப்பு நிலம் பக்கம் நிலம் நடுங்கியபோது, பழைய நகரத்தில் இருக்கும் ஜாமா மசூதியின் மினார்கள் விழுந்தன. இன்றைக்கும் அந்த மசூதி மினார் உச்சிகள் இல்லாமல்தான் நிற்கிறது. மாணிக் சவுக் போகும்போது ஒரு தடவை நின்று பாருங்கள்.

இந்தத் தவறுகளெல்லாம் 2001-க்குப் பிறகுதான் தெரிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். நிலநடுக்கத்துக்கு எப்படி வடிவமைப்பது என்று சொல்லும் இந்தியத் தர விதிநூல் ஐஎஸ் 1893 முதலில் வந்தது 1962-இல். கம்பி வளையத்தை எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லும் ஐஎஸ் 13920 வந்தது 1993-இல். எங்கள் கட்டடம் அதற்குப் பின் கட்டியது. விதி புத்தகத்தில் இருந்தது, கடைப்பிடிக்கிறார்களா என்று பார்க்க ஆள் இல்லை. பில்டர்கள்மேலும் இன்ஜினியர்கள்மேலும் வழக்குப் பதிவானது, கைதும் ஆனார்கள், ஜாமீனில் வெளியேயும் வந்தார்கள், வழக்குகள் இழுத்துக்கொண்டே போயின.

சரி, ‘நம் கட்டடம் விழவில்லையே’ என்பதற்கு வருகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நாங்கள் வீட்டுக்குள் தூங்கவில்லை. காங்கரியா ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மைதானத்தில் பெட்ஷீட்டையும் ஜமுக்காளத்தையும் விரித்தோம். ஜனவரிக் குளிர். சைக்கிள் ரிக்‌ஷாவிலும் காரிலும் படுத்தவர்கள் இருந்தார்கள். இரண்டு நாள் கழித்து 5.8 அளவில் ஒரு பின்னதிர்வு கட்ச்சில் வந்தது. பிறகு வாரக்கணக்கில், மாதக்கணக்கில். வீட்டுக்குத் திரும்பிய பின் அம்மா தினமும் படுக்கப் போகுமுன் கூடத்து மூலையில் எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோபுரம்போல் அடுக்குவாள். ஆடினால் அது சரியும் சத்தத்தில் எழுந்துவிடலாம் என்று. சில ராத்திரிகளில் பூனை தட்டிவிட்டுச் சரிந்திருக்கிறது. நாங்கள் நான்கு பேரும் ரோட்டில் போய் நின்றிருக்கிறோம். அடுத்த ஜனவரிவரை அந்த டம்ளர்களில் யாரும் காபி குடிக்கவில்லை.

பின்னதிர்வு ஏன் வருகிறது என்று தம்பி எனக்கு இப்படித்தான் விளக்கினான்: பெரிய அதிர்வில் ஒரு பாறைத்தட்டு சட்டென்று இடம் மாறிவிடுகிறது, அதுவரை அது சுமந்த பாரம் அக்கம்பக்கத்துப் பாறைகளுக்குப் போகிறது, அவை தாங்க முடிந்தவரை தாங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் சரிகின்றன. எண்ணிக்கை நாளாக ஆகக் குறையும். முதல் நாள் நூறு என்றால் பத்தாம் நாள் பத்து என்கிற கணக்கில் குறையும் என்று ஓமோரி என்ற ஜப்பானியர் 1894-லேயே கண்டு சொல்லியிருக்கிறார். ஆனால் குறைவது எண்ணிக்கை மட்டும். வரப்போகும் ஒன்று பெரிதா சிறிதா என்பதற்கு அதில் பதில் கிடையாது. கட்ச்சில் 2006 மார்ச்சில்கூட 5.5 அளவில் ஒன்று வந்தது.

அந்த நாட்களில் எங்கள் கட்டடத்தில் என்ன செய்தோம் தெரியுமா? கீழே எட்டுத் தூண்களில் மேல் நுனியில் வெடிப்பு இருந்தது. இரண்டில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிந்தது. சுவர்களில் மூலைக்கு மூலை குறுக்கே கோடு ஓடியிருந்தது. பார்க்க வந்தவர் ஐந்து நிமிடம் சுற்றிப் பார்த்து, குடியிருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கொத்தனாரைக் கூப்பிட்டோம். சிமென்ட் கலவை அடைத்து, பூசி, மேலே பட்டி பார்த்து, வெள்ளையடித்தோம். கண்ணுக்கு நேராக இருந்தது. என் அப்பாவும் காசு கொடுத்தார், எல்லோரும் கொடுத்தார்கள். ஊரே அப்படித்தான் செய்தது. பயந்துபோன மனிதர்களுக்கு வெடிப்பு கண்ணில் படாமல் இருந்தாலே பாதி பயம் போய்விடும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பூச்சு தூணுக்கு வலுவைத் திருப்பித் தருவதில்லை. 2001-இல் ஒரு அடியும், பின்னாலே சிற்றடிகளும் பட்ட தூண், வெள்ளைக்கு உள்ளே இன்னும் அப்படியே இருக்கிறது. கூடவே கால் நூற்றாண்டுத் துரு.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்துக்குச் சற்றுத் தள்ளி 2010 செப்டம்பர் 4-இல் 7.1 அளவில் நிலநடுக்கம் வந்தது. விடியற்காலை நேரம், ஊர் தப்பித்தது என்று எல்லோரும் மூச்சுவிட்டார்கள். கட்டடங்களைப் பார்வையிட்டு, உள்ளே போகலாம் என்பதற்குப் பச்சை அட்டை ஒட்டினார்கள். அப்படிப் பச்சை அட்டை வாங்கிய ஆறு மாடிக் கட்டடம் ஒன்று, சிடிவி கட்டடம் என்பார்கள். 2011 பிப்ரவரி 22 மதியம் 12:51-க்கு முதல் அதிர்வைவிடச் சிறிய ஒரு பின்னதிர்வு, ஆனால் நகரத்துக்கு மிக அருகில். சிடிவி கட்டடம் சில நொடிகளில் இடிந்தது. அந்த ஒரு கட்டடத்தில் மட்டும் 115 பேர். அன்றைக்கு நகரத்தில் இறந்த 185 பேரில் பாதிக்கு மேல். பெரிய அதிர்வில் நின்ற கட்டடம் அது. எங்கள் கூட்டத்தில் கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

இப்போது கீழே என்ன நடக்கிறது என்று பாருங்கள். எங்கள் சொசைட்டியில் ரோட்டுப் பக்கத்துக் கடைக்காரர் இரண்டு கடையை ஒன்றாக்க நடுச்சுவரை உடைத்தார். பாரம் தாங்காத சுவர்தான் என்று காண்ட்ராக்டர் சொன்னாராம். பாரம் மேலிருந்து கீழே வருவதை மட்டும் வைத்துப் பேசினால் அது சரி. பக்கவாட்டில் இழுக்கும்போது அந்தச் செங்கல் சுவர்தான் அங்கே இருந்த ஒரே முட்டு. இன்னொருவர் ஏசி குழாய்க்காக உத்திரத்தில் துளை போட்டார். போர்வெல் உப்புத்தண்ணீரில் தினமும் வண்டி கழுவி, தூண்களின் கால்கள் எப்போதும் ஈரம். மாடியில் இரண்டு தொட்டி நான்காகிவிட்டது. இதெல்லாம் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். அனுமதியில்லாத மாற்றங்களை இம்பேக்ட் ஃபீ கட்டி முறைப்படுத்திக்கொள்ள 2011-இலும் 2022-இலும் சட்டம் வந்தது, நம்மில் பலர் ரசீது வைத்திருக்கிறோம். அந்த ரசீது தூணுக்குள் ஒரு கம்பியைக்கூடச் சேர்க்காது.

ரீடெவலப்மென்ட் பேச்சு ஓடும் சொசைட்டிகளுக்கும் ஒரு வார்த்தை. 25 வருடம் தாண்டிய கட்டடங்களில் 75 சதவீத உறுப்பினர் சம்மதித்தால் போதும் என்று 2018-இல் சட்டம் மாறியதிலிருந்து பில்டர்கள் நம் வாசலுக்கு வருகிறார்கள். கார்ப்பெட் ஏரியா எவ்வளவு, இடைக்கால வாடகை எவ்வளவு, எத்தனை பார்க்கிங் என்று விடிய விடியப் பேசுகிறோம். புதிய கட்டடத்திலும் கீழே திறந்த பார்க்கிங்தான் வரப்போகிறது. ‘தரைத்தளத் தூண்களை என்ன கணக்கில் வடிவமைத்திருக்கிறீர்கள், கான்கிரீட் சுவர் எங்கெங்கே கீழ்வரை வருகிறது, வரைபடத்தை எங்கள் இன்ஜினியர் பார்க்கலாமா’ என்று எத்தனை பேர் கேட்டோம்? 2002-இல் திருத்திய ஐஎஸ் 1893, இப்படித் திறந்துவிடும் தளத்தின் தூண்களுக்கு வழக்கமான கணக்கைவிட இரண்டரை மடங்கு பலம் கொடுக்கச் சொன்னது. செத்தவர்களின் கணக்கில் எழுதிய விதி அது. சென்னையில் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள் அவர்களுக்கும் சொல்லுங்கள். அதே திருத்தத்தில்தான் சென்னை இரண்டிலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு வந்தது, 2001 செப்டம்பர் 25-இல் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட நிலநடுக்கம் அங்கேயும் தெரிந்தது. அங்கும் வீடு மேலே, கார் கீழே.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் சொசைட்டியின் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதுங்கள். கட்டடக்கலை படித்தவர் வேறு, கட்டமைப்பு இன்ஜினியர் வேறு. இரண்டாமவரை அழைத்து, தரைத்தளத்து ஒவ்வொரு தூணையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வரைபடம் கமிட்டியிடம் இல்லையென்றால் மாநகராட்சியில் விண்ணப்பித்துக் கேளுங்கள். அவர் பூச்சைத் தட்டிப் பார்ப்பார், சுத்தியல் கருவியால் கான்கிரீட்டின் பலத்தை மதிப்பிடுவார், தேவையென்றால் ஒன்றிரண்டு இடத்தில் உடைத்து வளையம் எவ்வளவு இடைவெளியில் இருக்கிறது என்று காட்டுவார். இருக்கும் கட்டடங்களை எப்படி மதிப்பிட்டு வலுப்படுத்துவது என்பதற்கே ஐஎஸ் 15988 என்று 2013-இல் தனி விதிநூல் வந்துவிட்டது. எல்லாக் கட்டடத்தையும் இடிக்க வேண்டியதில்லை. தூணைச் சுற்றிப் புதிய கம்பி கட்டி, கான்கிரீட் வார்த்து ஜாக்கெட் போடலாம். பார்க்கிங்கில் நாலைந்து இடத்தில் தூணுக்கும் தூணுக்கும் நடுவே கான்கிரீட் சுவர் எழுப்பலாம். இரண்டு கார் நிற்கும் இடம் போகும். அதற்குத்தான் சண்டை வரும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சண்டையை இப்போதே போட்டு முடித்துவிடுவோம். அதுவரை, கீழ்த்தளத்தில் எந்தச் சுவரையும் கமிட்டியின் எழுத்து அனுமதி இல்லாமல் யாரும் தொடக்கூடாது என்றாவது எழுதி வையுங்கள்.

வாடகைக்கு இருக்கும் குடும்பங்களை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. ஊரிலிருந்து வேலைக்கு வந்து இரண்டு வருடம், மூன்று வருடம் என்று தங்குகிறார்கள். பொதுக்குழுவில் அவர்களுக்கு ஓட்டு இல்லை, கூட்டத்துக்கே கூப்பிடுவதில்லை. மேலே தூங்குவது அவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான். சொந்தக்காரர்களான நாம் அவர்களுக்கும் சேர்த்து முடிவு செய்கிறோம். சம்பள நாள் வந்தால் வாடகையை எண்ணி வாங்கும் நமக்கு அந்தப் பொறுப்பும் உண்டு. வாடகைக்கு இருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: கீழே வண்டி எடுக்கும்போது தூணைப் பாருங்கள். நீளவாக்கில் வெடிப்பு, துருக்கறை, உதிர்ந்த மூலை கண்ணில் பட்டால் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் கமிட்டிக்கும் அனுப்புங்கள். தயங்க வேண்டாம்.

எங்கள் தாத்தா மில் வேலைக்கு இந்த ஊருக்கு வந்தார். அப்பா மில் மூடிய பிறகு டிபன் கடை போட்டு, இருபது வருடச் சேமிப்பில் அந்த மூன்றாம் மாடி வீட்டை வாங்கினார். நம்மில் பலருடைய கதை இதுதான். வேறு வீடு வாங்கும் காசு நம்மிடம் இல்லை, இருப்பதைத்தான் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

எங்கள் சொசைட்டியில் பெயின்ட் வேலை அடுத்த மாதம் தொடங்குகிறது. அதற்கு முன் இன்னொரு கூட்டம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஏழு வீட்டார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அன்றைக்குக் கேள்வி கேட்டவரும் அதில் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தம்பிக்கு வேலை இல்லை. உங்கள் பார்க்கிங்கை ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும் என்றால் கோயில் பக்கம் பார்க்கும்போது சொல்லுங்கள், இருவரும் வருகிறோம். டார்ச் லைட்டை நாங்களே கொண்டுவருகிறோம், கமிட்டி அறைச் சாவியை மட்டும் எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
மணிநகர் மூன்றாம் மாடியிலிருந்து உங்கள் சகோதரி